கடல் முனைகள்: டெல்டாக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேதாரண்யத்திலிருந்து ஒருவர்: கன்னியாகுமரி போலப் பாறையே இல்லையே, கோடியக்கரையையும் முனை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் முனைதான், பாறை கட்டாயமில்லை. கன்னியாகுமரியில் கடினமான பாறை அரிபடாமல் தாக்குப்பிடித்து நிற்கிறது. கோடியக்கரை அப்படியே நேரெதிர், அலை கொண்டுவந்து சேர்த்த மணல். தெற்கிலிருந்து சோழகக் காற்றடிக்கும் மாதங்களில் மணல் கரையோரமாக வடக்கே நகரும், வடக்கிலிருந்து வாடைக் காற்றடிக்கையில் தெற்கே வரும். தெற்கு நோக்கி வந்த கடற்கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணைக்குள் போகிறது. திருப்பத்தில் ஓட்டம் தளர்வதால் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. உள்ளே வரிசையாகத் தெரியும் மணல்மேடுகளெல்லாம் ஒரு காலத்தில் கரையாக இருந்தவை. அமெரிக்காவின் கேப் கனாவெரல் இதே வகை. இங்கிலாந்தின் டன்ஜனெஸும் அப்படித்தான், அங்கே மணலுக்குப் பதில் கூழாங்கல்.

நாகப்பட்டினம்: ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனைதானே?

இல்லை, அகுல்யாஸ் முனை. நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர். 1488-இல் போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சுற்றிப்போனதால் நன்னம்பிக்கை முனைக்குப் புகழ் சேர்ந்துவிட்டது.

பூம்புகார்: அப்போது தென் அமெரிக்கப் பெருநிலத்தின் தென்கோடி ஹார்ன் முனைதானே?

அது பெருநிலத்தில் இல்லை, ஒரு தீவில் இருக்கிறது.

தரங்கம்பாடி: முனைகளில் மட்டும் அலை ஏன் இவ்வளவு மூர்க்கமாக இருக்கிறது?

ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறையும். பாறை முனைக்கு முன்னால் பெரும்பாலும் ஆழம் குறைவு, பக்கத்து விரிகுடாவில் அதிகம். ஆகவே அலைவரிசை வளைந்து, இரண்டு பக்கமிருந்தும் முனைமேல் குவிகிறது. விரிகுடாவில் அதே விசை பரந்து தளர்ந்துபோகிறது. அதனால்தான் முனை அரிபடுகிறது, குடாவில் மணல் சேர்கிறது. அரிப்பு முற்றினால் குகை, அப்புறம் வளைவு, கடைசியில் தனித்தூண். மால்டாவின் புகழ்பெற்ற கடல் வளைவு 2017-இல் இடிந்து விழுந்தது இப்படித்தான்.

திருத்துறைப்பூண்டி: மணல் முனை இடம் மாறிவிடுமா?

மாறும். அமெரிக்காவின் ஹேட்டராஸ் முனையில் கடல் நெருங்கி வந்ததால், 1999-இல் கலங்கரை விளக்கத்தையே பெயர்த்து ஏறத்தாழ 880 மீட்டர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். நம் கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய விளக்கத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது.

எனக்குப் பெரிய கவலை மணல் வரத்து பற்றித்தான். மணல் கரை நிலைக்க வேண்டுமானால் புது மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து காவிரி வண்டலில் ஒரு பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. ஆற்றிலும் நாம் மணலை அள்ளுகிறோம். நெல்லுக்குத் தண்ணீர் கேட்டுப் போராடுகிற நாம், கரைக்கு மணல் கேட்டு இதுவரை வாய் திறக்கவில்லை. அதையும் கேட்டாக வேண்டும்.

வேதாரண்யம், பள்ளி மாணவி: இதையெல்லாம் நேரில் எங்கே பார்க்கலாம்?

ராமர் பாதம் போய்ப் பாரம்மா. கோடியக்கரையிலேயே உயரமான மணல்மேடு அதுதான், சுமார் 4 மீட்டர். 1967 முதல் அந்தக் காடு சரணாலயம் என்பதால், வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டு ஆசிரியரோடு போ.