எதை விட்டுவைப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. சி.எல்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். அடுத்த வாரம் வெனிடோகிளாக்ஸ் மாத்திரை தொடங்குகிறார்கள். கெட்ட செல்களைத் தானாகவே சாக வைக்கும் மருந்து என்றார் டாக்டர். ஆனால் முதல் வாரம் 20 மில்லிகிராம்தானாம், ஐந்தாவது வாரத்தில்தான் முழு அளவான 400. நல்ல மருந்து என்றால் ஏன் இந்தத் தயக்கம்? அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா? முள்சீத்தா இலையும் புற்றுநோய்ச் செல்களைச் சாக வைக்கிறது என்று உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பினார். அம்மா தினமும் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். அவருக்குச் செல்கள் சாவதைத் தடுக்க மருந்து இல்லையா? சித்தர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்குமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சித்தர்களை விட்டுவிடுவோம். அப்பாவுக்கு மருந்து தொடங்கும் வாரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"தானாகவே சாக வைக்கும்" என்ற வரியில் நின்றுவிட்டேன். சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதே அதைப் பற்றித்தான். நம் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடிச் செல்கள் முறைப்படி செத்துப் போகின்றன. கருவில் விரல்களுக்கு நடுவே இருந்த செல்கள் செத்ததால்தான் நமக்கு விரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. சாவதற்கான ஏற்பாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது, அதைத் தடுத்துப் பிடித்திருக்கும் புரதங்களும் இருக்கின்றன.

புற்றுநோய் என்றால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1988இல் மெல்பர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ் என்ற ஆய்வு மாணவர், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து வேறொன்றைக் கண்டார். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் அடையாளம் காணப்பட்ட பிசிஎல்-2 என்ற மரபணுவை ரத்தச் செல்களில் புகுத்தி, அவை வாழத் தேவையான ஊக்கப் பொருளை நிறுத்தினார்கள். சாதாரணச் செல்கள் செத்தன. இந்தச் செல்கள் பெருகவில்லை, ஆனால் சாகவும் இல்லை. உங்கள் அப்பாவின் உடம்பில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான். போயிருக்க வேண்டிய வெள்ளணுக்கள் போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

அந்த மரபணு உண்டாக்கும் பிசிஎல்-2 புரதத்தைப் பிடித்து அடக்கும் மருந்தைச் செய்யவே பல வருடங்கள் ஆயின. செய்த பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. முன்னர் வந்த நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்து, பிசிஎல்-2வோடு அதன் நெருங்கிய சொந்தமான பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தையும் அடக்கியது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் உயிரோடு இருப்பதே அந்த இரண்டாவது புரதத்தால். மருந்து உள்ளே போனதும் தட்டணுக்கள் மளமளவென்று குறைந்தன. புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிற மருந்து கையில் இருந்தும் வேண்டிய அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. பிசிஎல்-2வை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும்படி அதைத் திருத்தி அமைத்தார்கள். அதுதான் வெனிடோகிளாக்ஸ். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016 ஏப்ரலில். வாக்ஸின் சோதனை நடந்து 28 வருடம் கழித்து.

செல்லைக் கொல்வது சாமர்த்தியமே இல்லை, தம்பி. ஆய்வகத் தட்டில் இருக்கும் புற்றுநோய்ச் செல்லைப் பினாயில்கூடக் கொல்லும். "தட்டில் கொன்றது" என்று வருகிற எந்தச் செய்தியையும் நான் அதற்கு மேல் மதிப்பதில்லை. எதைக் கொல்லாமல் விட்டது என்று சொல்லட்டும், அப்புறம் கேட்கிறேன். என் சித்திக்குக் கீமோ கொடுத்தபோது முடி கொட்டியது, வாயெல்லாம் புண். முடியின் வேரிலும் வாயின் உள்தோலிலும் இருந்த செல்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வேகமாகப் பிரிகிற செல்கள் என்பதால் அவையும் சேர்ந்து செத்தன. சித்தி மூன்றாவது முறைக்குப் போக மாட்டேன் என்றார். ஊரில் ஒருவர் கொடுத்த இலையைக் காட்டி, "இது என்னை வதைக்காதுடா" என்றார். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் வாதாட முடியவில்லை. அதனால் உங்கள் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த உறவினரை மன்னிக்கவும் மனம் வராது.

பெரியப்பாவின் நோயை எழுதிய அதே கடிதத்தில் முள்சீத்தாவையும் எழுதியிருக்கிறீர்களே! கரீபியன் கடலில் குவாதலூப் என்றொரு தீவு. முள்சீத்தாப் பழத்தைச் சாப்பிடுவதும் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் அங்கே வழக்கம். பார்க்கின்சன் போன்ற, ஆனால் வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒரு நோய் அங்கே அதிகம் காணப்படுவதையும், அதற்கும் இந்த வழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதையும் 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அது முடிவான நிரூபணம் அல்ல. ஆனால் அந்தச் செடியில் உள்ள அனோனாசின் என்ற பொருள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. தொடர்ந்து ரத்தத்தில் செலுத்தியபோது எலிகளின் மூளைச் செல்கள் செத்தன. தட்டில் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதும் இந்த வகைப் பொருள்கள்தான். ஆள் பார்த்துக் கொல்ல அவற்றுக்குத் தெரியாது. படித்த பிள்ளை நீங்கள், அடுப்படியில் தினமும் அது கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தீர்கள்?

பெரியப்பாவுக்கு வருகிறேன். மூளைச் செல்கள் சாவதைத் தடுக்க எத்தனையோ முயன்றிருக்கிறார்கள். பார்க்கின்சனைப் போலவே நரம்புச் செல்கள் சாகிற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயில், எலிகளில் நம்பிக்கை கொடுத்த மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 412 பேரிடம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் நிலை 25 சதவீதம் வேகமாக மோசமானது. பார்க்கின்சனிலும் செல் சாவைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும் மாத்திரைகளை அவர் வேளை தவறாமல் சாப்பிடட்டும்.

அந்த 20 மில்லிகிராமை மறந்தே போனேன். கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். இந்த மருந்து மிக வேகமாக வேலை செய்யும். ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் செத்தால் அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலம் ஏறும். சிறுநீரகம் படுத்துவிடும், இதயத் துடிப்பு தடுமாறும். ஆரம்பக் காலச் சோதனைகளில் இதனால் உயிர்களே போயின. அதற்குப் பிறகு வகுத்ததுதான் 20, 50, 100, 200, 400 என்று வாரா வாரம் ஏற்றும் முறை. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலும் மறுநாளும் ரத்தம் எடுப்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் கூடவே இருங்கள்.

கஷாயத்தை இன்றே நிறுத்திவிட்டு, இதுவரை குடித்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட், நட்சத்திரப் பழம் இரண்டும் இந்த மருந்தோடு ஆகாது. அம்மாவுக்குத் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர்ப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். முதல் மாத்திரைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அப்பா தினமும் ஆறு முதல் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.