பாஸ் இருக்கிறது, ஆசனம் இருக்கிறதா?

வெள்ளவத்தை வாசகி: ஜூலையில் நானும் கணவரும் (அவருக்கு வயது 62) பாரிஸில் அக்கா வீட்டிலும் சூரிச்சில் தம்பி வீட்டிலும் தங்கி, பிறகு ரோம் பார்த்துவிட்டு அங்கிருந்தே கொழும்புக்கு விமானம் ஏறுகிறோம். ‘ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் சுற்றும் யூரெயில் பாஸ் எடுங்கள், எந்த ரயிலிலும் ஏறலாம்’ என்கிறான் தம்பி. எடுக்கலாமா அம்மா?

பதில்: வேண்டாம். தம்பி சொன்னதில் பாதிதான் சரி. அந்தப் பாஸ் பயணக் கட்டணத்தைத்தான் தீர்க்கும், ஆசனத்தை அல்ல. அரசாங்க உத்தியோகத்தர்களைக் கேட்டுப் பாருங்கள்: ரயில் வாரண்ட் (அரசு தரும் இலவசப் பயணச் சீட்டு) கையில் இருந்தாலும் யாழ்ப்பாண ரயிலில் ஆசனத்தைத் தனியாகத்தான் பதிய வேண்டும்.

உங்கள் வழியில் பாரிஸ் - சூரிச் டிஜிவி லிரியா, சூரிச் - மிலான் யூரோசிட்டி, மிலான் - ரோம் ஃபிரெச்சரோசா ஆகிய மூன்று ரயில்களிலும் முன்பதிவு கட்டாயம். பாஸுக்குக் கொட்டிக் கொடுத்த காசுக்கு மேல் ஒவ்வொரு முறையும் இருவருக்கும் ஆசனக் கட்டணம். அதிலும் டிஜிவியில் பாஸ்காரருக்கென்று ஒதுக்கும் ஆசனங்கள் அளவோடுதான். அவை தீர்ந்துவிட்டால், ரயிலில் இடம் இருந்தும் உங்களுக்குக் கிடையாது. இன்னொன்று: சூரிச்சிலிருந்து மிலான் வழியாக ரோமுக்கு ஒரே நாளில் போய்விடலாம். ஆக, உங்களுக்குத் தேவை இரண்டே பயண நாட்கள். எல்லா நாட்டுக்குமான பாஸில் ஆகச் சிறியதே ஒரு மாதத்துக்குள் நான்கு நாட்கள் பயணம் செய்வதற்கானது. மிச்ச இரண்டை என்ன செய்வீர்கள்? 60 தாண்டிய உங்கள் கணவருக்குக் கிடைக்கும் 10 சதவீதக் கழிவும் இந்தக் கணக்கை நிமிர்த்தாது.

மூன்று டிக்கெட்டையும் தனித்தனியே வாங்குங்கள். முந்தி வாங்கினால் மலிவு. ஆனால் மலிவு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் காசு திரும்பி வராது, ஆகவே விசா கைக்கு வந்த அன்றே வாங்குங்கள், அதற்கு முன்பு அல்ல.

நம்மவரின் ஐரோப்பாப் பயணம் அனேகமாக உறவு வீட்டுப் பயணம். அக்கா ஒரு கிழமைக்கு வெளியே விடமாட்டார். அத்தான் எங்கும் காரில்தான் கூட்டிப்போவார். பாஸ் கைத்தொலைபேசியில் சும்மா கிடக்கும். கொழும்புக் கோட்டையில் பயண முகவர் அலுவலகம் ஒன்றில் டிக்கெட் விற்ற காலத்தில், இதைச் சொல்லியே பல பாஸ் விற்பனையைக் கெடுத்தவள் நான். முதலாளிக்கு அது பிடித்ததே இல்லை.

கொட்டாஞ்சேனை மாணவர் (23): நண்பர்கள் நால்வர் பேர்லின், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா என்று சுற்றப் போகிறோம். எங்களுக்குமா வேண்டாம்?

பதில்: உங்களுக்கு வேண்டும். 27 வயதுவரை இளைஞர் கட்டணம் உண்டு. ஜேர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு கட்டாயமில்லை. ஏறியதும் ஆசனத்துக்கு மேலுள்ள சிறிய திரையைப் பாருங்கள். இரண்டு ஊர்ப் பெயர் தெரிந்தால், அந்த ஊர்களுக்கு இடையில் அதற்கு ஆள் உண்டு. முதல் ஊருக்கு முன்பே நீங்கள் இறங்குவதென்றால் தாராளமாக அமரலாம். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம். சில யூரோ கொடுத்துப் பதிந்துவிடுங்கள். இரவு ரயிலில் படுக்கைக்கு எப்போதும் பதிவு வேண்டும். நள்ளிரவுக்கு முன் புறப்படும் ரயிலில் ஏறி, நடுவில் மாறாமல் போனால் புறப்பட்ட நாள் மட்டுமே கணக்கில் சேரும்.

எந்த ரயிலானாலும் ஏறுமுன்பே, கைத்தொலைபேசியில் பாஸ் இருக்கும் செயலியில் அந்தப் பயணத்தைச் சேர்த்துவிடுங்கள். பரிசோதகர் கடவுச்சீட்டையும் கேட்கலாம். அங்கேதான் நம் பெயர்களின் வில்லங்கம்: தகப்பன் பெயர், முதலெழுத்து எல்லாம் கடவுச்சீட்டில் உள்ளபடியே பாஸிலும் இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டு அங்கே நின்று விளக்கம் சொல்லாதீர்கள்.

தெஹிவளை வாசகர்: கனடாவிலிருந்து சித்தியும் நோர்வேயில் வசிக்கும் பெரியப்பா மகனும் என்னோடு சேர்கிறார்கள். மூவருக்கும் ஒரே பாஸா?

பதில்: ஆளுக்கொன்று வேண்டும்; வகையும் வேறு. உங்களுக்கும் சித்திக்கும் யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பதால் அண்ணனுக்கு இன்டர்ரெயில். இரண்டும் 33 நாடுகளில் செல்லும். ஆனால் இன்டர்ரெயில்காரர் தம் சொந்த நாட்டில் அதை வெளியே போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம். நோர்வேயையும் சுற்றிக் காட்டுவதாக அவர் சொல்லியிருந்தால், அங்கே அவருக்கு டிக்கெட் செலவு தனி.