மூன்றாம் குளிர்காலத்துக்குப் பிறகு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் டோவர் சூரிய வீட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பகல் வெயிலை உப்பில் தேக்கி இரவில் வீட்டைச் சூடாக்க விஞ்ஞானி மாரியா டெல்கெஸ் 1948இல் செய்த முயற்சியையும், மூன்றாம் குளிர்காலத்தில் அந்த உப்பு கைவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பொருளறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, வெப்பச் சேமிப்புப் பொருட்களில் முனைவர் ஆய்வுக்குச் சேர இருக்கிறேன். ஓர் உப்போடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய அவருடைய பணிவாழ்வை வெற்றி என்று எப்படிச் சொல்வது? நான் அணுகிய நெறியாளர் ஒருவர், "ஆயிரம் முறை உருக்கி உறையவைத்துப் பார்க்கும் சோதனைக்கெல்லாம் நேரம் இல்லை, புதிய கலவை செய்து, ஒருமுறை அளந்து, கட்டுரையை அனுப்பிவிடு" என்கிறார். லித்தியம் மின்கலத்துக்கு மாறிவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

டோவரில் நடந்ததை உப்புப் பீப்பாய்க்குள் இருந்து பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். டெல்கெஸ் தேர்ந்தெடுத்தது கிளாபர் உப்பு. பத்து நீர் மூலக்கூறுகளைத் தன் படிகத்துக்குள் வைத்திருக்கும் சோடியம் சல்பேட். அது 32.4 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உருக ஏறத்தாழ 250 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை 60 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். மனிதர் வாழும் அறையின் வெப்பநிலையை ஒட்டி உருகுவது, மலிவாகக் கிடைப்பது, தீப்பற்றாதது ஆகிய மூன்றும் சேர்ந்த பொருள் அந்நாளில் வேறு அதிகம் இல்லை. பாஸ்டனுக்கு அருகில் உள்ள டோவரில், சிற்பியான அமேலியா பீபாடியின் பணத்தில், எலினர் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த வீட்டில், சுமார் 21 டன் உப்பை அறைகளுக்கு இடையே அடுக்கினார்கள். தெற்கு நோக்கிய மாடிக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சூடான காற்றை மின்விசிறிகள் உப்புக்குக் கொண்டுவந்தன. வடிவமைத்தவர், பணம் தந்தவர், உப்பைத் தேர்ந்தவர் மூவருமே பெண்கள் என்பதை அக்காலப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. உப்பின் வேதியியலை அந்த அளவுக்கு எழுதவில்லை.

கிளாபர் உப்பு பனிக்கட்டியைப்போல உருகுவதில்லை. நூறு கிலோ உருகும்போது வெளிவரும் நீர் அதில் உள்ள சோடியம் சல்பேட் முழுவதையும் கரைக்கப் போதாது; ஏறத்தாழ 15 கிலோ நீரற்ற வெண்தூளாக மிஞ்சி, கனமாக இருப்பதால் அடியில் படிந்துவிடுகிறது. குளிரும்போது அந்தப் படிவின்மேல் புதிய படிகங்கள் ஓர் ஓடுபோல மூடிக்கொள்கின்றன. அடியில் இருக்கும் தூளுக்கு மேலே உள்ள நீர் எட்டுவதில்லை. எட்டாத தூள் மீண்டும் கிளாபர் உப்பாக மாறுவதும் இல்லை. மறுநாள் உருகுவதற்கு அந்த அளவு உப்பு குறைந்திருக்கும். ஒரு நாள் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு குளிர்காலம் வீடு கதகதப்பாக இருந்ததற்கும் மூன்றாவதில் குளிர்ந்துபோனதற்கும் முதன்மையான காரணம், நாள்தோறும் சேர்ந்துகொண்டே வந்த இந்தப் பிரிவுதான். கலன்கள் அரித்துக் கசிந்தது போதாக்குறைக்கு வந்த இடர். சில ஆண்டுகளில் உப்பை அப்புறப்படுத்திவிட்டு எண்ணெயில் எரியும் சூடேற்றி வைத்துவிட்டார்கள்.

இதை நான் தோல்வி என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம், இந்தக் கேடு வெளிப்படவே அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்பதுதான். உங்கள் துறையின் இயல்பே இது. நாளுக்கு ஒருமுறை உருகி உறையும் பொருள் இருபது ஆண்டு உழைக்க வேண்டுமானால் 7,000 தடவைக்குமேல் அந்தச் சுழற்சியைத் தாங்க வேண்டும். முதல் தடவை எவ்வளவு வெப்பம் ஏற்றது என்பதைவிட ஏழாயிரமாவது தடவை எவ்வளவு ஏற்கிறது என்பதே பொருளின் தகுதியைச் சொல்லும். டெல்கெஸ் அந்தக் கேள்வியை உண்மையான வீட்டில், உண்மையான குளிரில், குடியிருந்த குடும்பத்தின் முன்னிலையில் கேட்டார். அதற்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும்.

அவருடைய பணிவாழ்வு நேர்கோட்டில் செல்லவில்லை. 1900இல் புடாபெஸ்ட்டில் பிறந்து, 1924இல் இயற்பிய வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டு அமெரிக்கா சென்றார். கிளீவ்லாந்தில் உயிர் இயற்பியல், பிறகு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வு, 1939 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் சூரிய ஆற்றல் திட்டம் என்று இடம் மாறினார். போர்க்காலத்தில் உயிர்காப்புப் படகுகளுக்காகக் கடல்நீரை வெயிலால் குடிநீராக்கும் மிதவைக் கருவியை உருவாக்கினார். எம்.ஐ.டி. திட்டத்தை வழிநடத்திய ஹோய்ட் ஹாட்டலுக்கு உப்புச் சேமிப்பில் நம்பிக்கை குறைவு. டோவர் வீடு அந்த நிறுவனத்துக்கு வெளியேதான் எழுந்தது. 1953இல் டெல்கெஸ் எம்.ஐ.டி.யை விட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சூரிய அடுப்பு, பிறகு தனியார் நிறுவனங்களில் வேறு வேலைகள். வெளியிலிருந்து பார்த்தால் சிதறிய வாழ்க்கை போலத் தோன்றும்.

அவ்வளவு அலைச்சலுக்கு நடுவிலும் அவர் உப்பை விடவில்லை. கிளாபர் உப்புக்கு இன்னொரு நோயும் உண்டு: உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே பல டிகிரி போன பிறகும் உறையாமல் திரவமாகவே நின்றுவிடும். உறையாவிட்டால், உருகும்போது உள்வாங்கிய வெப்பம் (உள்ளுறை வெப்பம்) வெளிவராது. தன் படிக அமைப்பை ஒத்த ஒரு கரு கிடைத்தால் அது அதன்மேல் படிகமாக வளரத் தொடங்கும் என்று கருதி, பல பொருட்களை ஆராய்ந்து, வெங்காரத்தைத் தேர்ந்தார். 1952இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நம் பொற்கொல்லர்கள் பற்றவைப்புக்குப் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சேர்த்தால் போதும். இன்றும் கிளாபர் உப்பில் வேலை செய்பவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். அடியில் படியும் சிக்கலுக்கு, களிமண் வகை ஒன்றைக் கலந்து உப்பைக் கூழாக்கித் தூள் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் வழிக்கு 1970களில் காப்புரிமை பெற்றார். அது பிரிவைத் தணித்தது; முற்றாக ஒழிக்கவில்லை. டெலவேர் பல்கலைக்கழகம் 1973இல் கட்டிய 'சோலார் ஒன்' வீட்டிலும் வெப்பத்தைச் சேமித்தவை அவர் உருவாக்கிய உப்புக் கலவைகளே. டோவரில் உப்பு கைவிட்டு இருபது ஆண்டுக்கும் மேலான பிறகு, எழுபது வயதைக் கடந்த நிலையில், அவர் அதே உப்போடு வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

இடையில் அவர் செய்த வேலையொன்று, வீட்டைச் சூடாக்குவதைவிட அமைதியாக வெற்றி கண்டது. வெப்பநிலை மாறினால் கெட்டுவிடும் கருவிகளை எடுத்துச் செல்லும் பெட்டிகளுக்கு உருகி உறையும் பொருட்களை அமைத்துக் கொடுத்தார். அவை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திலும் அப்போலோ திட்டத்திலும் பயன்பட்டன. அதே இயற்பியலை நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணால் பார்க்கலாம். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கும் பனிக்கட்டிப் பொதிகளைச் செவிலியர் உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் உள்ளே வைப்பதில்லை. சிறிது நேரம் வெளியே வைத்து, காதருகில் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே நீர் அசையும் ஒலி கேட்ட பிறகே அடுக்குவார். உருகத் தொடங்கிய பனிக்கட்டி, முழுவதும் உருகி முடியும்வரை சுழி டிகிரியிலேயே நிற்கும்; அதற்குக் கீழே குளிர்ந்த பனிக்கட்டியை வைத்தால் சில தடுப்பூசிகள் உறைந்து வீணாகிவிடும். இப்படி உருகி உறையும் நிலைமாற்றப் பொருளின் பண்பை ஆய்வகமே இல்லாமல் சரிபார்க்கும் அந்தக் கையசைவை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் நெறியாளர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கருதும் அளவீடு, வேறுபாட்டு அலகிடு வெப்ப அளவியல் என்று நினைக்கிறேன். சில மில்லிகிராம் பொருளைச் சிறு அலுமினியக் கிண்ணத்தில் வைத்து உள்ளுறை வெப்பத்தைத் துல்லியமாகக் காட்டும் நல்ல கருவி அது. ஆனால் அந்தக் கிண்ணத்தில் தூள் இறங்குவதற்கு உயரமே இல்லை. டோவரின் பீப்பாயில் நடந்த பிரிவு அங்கே தலைகாட்டாது. உறையாமல் நிற்கும் நோயோ அங்கே நேர்மாறாக மிகைப்பட்டுத் தெரியும், ஏனெனில் சிறு துளியில் படிகக்கரு தானாகத் தோன்றும் வாய்ப்புக் குறைவு. ஆகவே ஒருமுறை அளந்து வெளியிடும் கட்டுரை, அதில் உள்ள எண் சரியாகவே இருந்தாலும், பீப்பாயில் அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது. சோதனைக் குழாயிலும், பிறகு முழங்கை உயரக் கலத்திலும், கலன் செய்யப்போகும் அதே உலோகத்தோடு சேர்த்து, பல நூறு சுழற்சிகள் ஓட்டிப் பார்க்க வேண்டும். தானியங்கி நீர்த்தொட்டி இரண்டு இருந்தால் நாளுக்குப் பல சுழற்சிகளை ஓட்டலாம். நான்காண்டு முனைவர் ஆய்வுக்கு அது மீறிய வேலை என்று நான் நினைக்கவில்லை. கட்டுரைகள் எண்ணிக்கையில் குறையும். அந்த இழப்பு உண்மையானது. வேலை தேடும் காலத்தில் அது உங்களை உறுத்தும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

லித்தியத்தைப் பற்றி உங்கள் வீட்டார் கவலைப்படுவது இயல்பு. உலகில் இறுதியாக நுகரப்படும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி வெப்பமாகவே செலவாகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்: நெல் அவிக்க, சாயம் ஏற்ற, பால் காய்ச்ச, சிமெண்ட் சுட. வெப்பமாக வேண்டியதை வெப்பமாகவே சேமிப்பது பல இடங்களில் மின்கலத்தைவிட மலிவு. ஸ்பெயினின் ஆண்டசோல் நிலையத்தில் 28,500 டன் உருகிய நைட்ரேட் உப்பு, பகலில் சேமித்த வெப்பத்தால் 50 மெகாவாட் விசையாழியை வெயில் மறைந்த பின் ஏழரை மணி நேரம் ஓட்டுகிறது. பின்லாந்தின் கங்கான்பா நகரில் 2022 முதல் சூடான மணல் வெப்பத்தைத் தேக்கிக் குடியிருப்புகளுக்குத் தருகிறது. அமெரிக்காவின் நெவாடாவில் கிரசென்ட் டியூன்ஸ் நிலையம் 2016இல் உப்புத் தொட்டி கசிந்து எட்டு மாதம் நின்றுபோனதையும் சேர்த்தே சொல்லுங்கள். சுமார் 565 டிகிரி உப்பைத் தாங்கும் எஃகு, அதன் பற்றவைப்பு, அடித்தளம் ஆகியவற்றைப் புரிந்துகொண்டவர்களுக்கு இத்துறையில் வேலை காத்திருக்கிறது என்பதற்கு அந்தக் கசிவே சான்று.

டெல்கெஸ் தம் 95ஆம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, 1995 டிசம்பர் 2 அன்று, பிறந்த ஊரான புடாபெஸ்ட்டில் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றம் 2012இல் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. கிளாபர் உப்பைப்போல நீரைப் படிகத்துக்குள் வைத்திருக்கும் உப்பு நீரேறிகளின் சுழற்சிச் சிதைவு இன்றும் முழுதாகத் தீர்ந்த கணக்கில்லை. உங்களுக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

ஆகவே ஆய்வில் சேருங்கள் என்பதே என் கருத்து. ஆனால் அந்த நெறியாளரிடம் கையொப்பமிடுமுன், அவருடைய பழைய மாணவர்கள் இருவரைச் சந்தித்து, அந்த ஆய்வகத்தில் ஒரு மாதிரியை ஓராண்டு தொடர்ந்து ஓட்ட இடமும் மின்சாரமும் அனுமதியும் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் ஓராண்டு காத்திருந்தாவது வேறு ஆய்வகம் பாருங்கள்.