உறுதிபூசுதலுக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே? – வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகள் ஒழுங்காக நடைபெறுகின்றன. தேர்வு வைக்கிறோம், ஆண்டு விழாவில் பரிசும் கொடுக்கிறோம். ஆயினும் உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்தைப் பெற்ற மறு ஆண்டே பாதிப் பிள்ளைகள் கோவில் பக்கம் வருவதில்லை. இவர்களுக்கு இன்னும் நன்றாகக் கற்பிப்பது எப்படி?
– மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நன்றாகக் கற்பிக்க வேண்டும் என்னும் தங்கள் அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால் குறை கற்பித்தலில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்காக மறைக்கல்வி பயிலும் ஒரு பிள்ளையிடம், ‘நீ கற்றதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாய்?’ என்று நாம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. உறுதிபூசுதலோடு பாடம் முடிந்துவிடுகிறது. பாடம் முடிந்தபின் அந்தப் பிள்ளைக்கு அங்கே வேறு வேலை இல்லை.

தங்கள் மாவட்டக் கடற்கரையிலும் அதற்கு வடக்கே தூத்துக்குடியைச் சார்ந்த முத்துக்குளித்துறையிலும் புனித பிரான்சிஸ் சவேரியார் எப்படிப் பணியாற்றினார் என்பதை, விழா மறையுரைகளில் கேட்கும் அற்புதங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய கடிதங்களிலிருந்தே பார்ப்பது பயன்தரும். அவர் 1542 மே மாதம் கோவாவுக்கும், அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் மொழியில் கற்பிப்பதற்கு ஆளில்லாமையால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. ஆகவே இருமொழியும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றை மிகுந்த சிரமத்தோடு தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டினார்.

இதன் பிறகு அவர் செய்ததுதான் தங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் தோழர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், நாளுக்கு இருமுறை வீதம் ஒரு மாத காலம் சிறுவர்களுக்குச் செபங்களைக் கற்பித்ததையும், அவர்கள் கற்றதைத் தாய் தந்தையருக்கும் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்ததையும் அவர் விவரிக்கிறார். நோயாளிகளுக்காகச் செபிக்க வீடுதோறும் அழைப்பு வந்து, எல்லா இடங்களுக்கும் தாமே செல்ல இயலாமற்போனபோது, செபங்களை அறிந்த சிறுவர்களையே அவ்வீடுகளுக்கு அனுப்பி, வீட்டாரையும் அயலாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லச் செய்தார். ஊருக்கு ஊர் அவர் நியமித்த கணக்கப்பிள்ளைமார், அதாவது செபமும் மறைக்கல்வியும் நடத்திய உள்ளூர்ப் பொறுப்பாளர்கள், இந்த ஒழுங்கு தொடரும்படி பார்த்துக்கொண்டனர். அவர்களுடைய ஊதியத்துக்காக, இக்கரையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த வருவாயை அவர் கேட்டுப் பெற்றார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். மறைக்கல்விக்கென்று பங்கு வரவுசெலவில் எவ்வளவு ஒதுக்குகிறோம் என்பதை நம் பங்குப் பேரவைகள் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு மாதமே படித்த சிறுவனை நம்பி நோயாளியின் வீட்டுக்கு அனுப்பினார் சவேரியார். நாமோ பல ஆண்டுகள் படித்த பிள்ளையை விழா நாளில் வாசகம் வாசிக்க அனுப்புவதற்கும் தயங்குகிறோம். ஆகவே பாடத்திட்டத்தை மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்யும் ஒவ்வொருவரிடமும் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, ஆயத்தம் செய்யும் இரண்டு சிறுவர்களை ஒப்படையுங்கள். திருப்பலிக்கு வர இயலாத முதியவர்களின் பட்டியலை அன்பியங்கள் எனப்படும் பங்கின் சிறு குழுக்களின் பொறுப்பாளர்களிடம் வாங்கி, இருவர் இருவராக அனுப்பி, ஞாயிறு நற்செய்தியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உறுதிபூசுதல் முடிந்த மறுவாரமும் அந்த இரு சிறுவர்களும் அந்த முதியவரும் காத்திருப்பார்கள் அல்லவா? எல்லாரும் தங்கிவிடுவார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். வெளியூர்க் கல்லூரியும் வேலையும் பிள்ளைகளை இழுத்துச் செல்வதை எந்தப் பங்கும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

கேள்வி: சவேரியாரின் முறையை இன்று அப்படியே பின்பற்ற முடியுமா? என் மகளுக்குக் கல்லூரியில் இந்துத் தோழியர் பலர் உள்ளனர். அவர்களிடம் அவள் கிறிஸ்துவைப் பற்றிப் பேச வேண்டுமா, பேசாதிருக்க வேண்டுமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: அப்படியே பின்பற்ற முடியாது. முன்னர்க் குறிப்பிட்ட அதே கடிதத்தில், சிறுவர்கள் தம் பெற்றோரைக் கண்டித்ததையும், சிலை வழிபாடு நடக்கும் இடங்களைத் தம்மிடம் வந்து தெரிவித்ததையும், சிலைகளை உடைத்து மிதித்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அவர் தம் காலத்து மனிதர் என்பது உண்மைதான்; ஆனால் அதைச் சொல்லி இந்தப் பகுதியை மூடி மறைப்பது நேர்மையாகாது. பிள்ளையைப் பெற்றோருக்கு எதிராக நிறுத்துவதும், பிறர் புனிதமாகக் கருதுவதை இழிவுபடுத்துவதும் நற்செய்திப் பணியாகா. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 திசம்பர் 7 அன்று வெளியிட்ட இரண்டு ஏடுகள் இதைத் தெளிவாக்கின. சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு, நம்பிக்கையை ஏற்பதில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. நற்செய்திப் பணி பற்றிய ஏடு, வற்புறுத்துதலோடு தகாத முறையில் ஈர்த்தலையும் கவர்ந்திழுத்தலையும் கண்டிப்பாகத் தடைசெய்கிறது.

இதனால் தங்கள் மகள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று பொருளில்லை. ‘நீங்கள் எதிர்நோக்கி இருப்பதைக் குறித்து யாராவது விளக்கம் கேட்டால் விடையளிக்க எப்பொழுதும் ஆயத்தமாய் இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் விடையளியுங்கள்’ என்பதே பேதுருவின் முதல் திருமுகம் நமக்குத் தரும் அறிவுரை. விடையளிக்க வேண்டுமானால், முதலில் யாராவது கேட்க வேண்டும். கேட்கத் தூண்டும்படி ஏதாவது நம் வாழ்வில் தென்பட வேண்டும். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ், 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது பதினைந்துதான். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டதற்காகவே அவரைப் பலரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மிலானில் அவர் வீட்டில் பணிபுரிந்த இந்து ஒருவர், அச்சிறுவனின் வாழ்வையும் அவன் பொறுமையோடு தந்த விளக்கங்களையும் கண்டு, தாமாகவே விரும்பித் திருமுழுக்குப் பெற்றார் என்பதே. தங்கள் மகள் தோழியருடைய நம்பிக்கையைப் பற்றியும் உண்மையான ஆர்வத்தோடு கேட்டறியட்டும். தேர்வுக் காலத்தில் தோழிக்காகச் செபிப்பதாகச் சொல்வது தவறன்று. செபத்துக்கு வந்தால்தான் குறிப்பேடு தருவேன் என்பது தவறு.

கேள்வி: மறைபரப்பு ஞாயிறு என்றாலே காணிக்கை உறைதான் நினைவுக்கு வருகிறது. இதில் சிறுவர்களுக்கு என்ன பங்கு?
– அன்பியப் பொறுப்பாளர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: 1926இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஏற்படுத்திய இந்த ஞாயிறு, அக்டோபர் மாதத்தின் இறுதி ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. அதன் காணிக்கையைப் பெறும் நம்பிக்கை பரப்புதல் சங்கமே இளையோர் ஒருவரின் முயற்சியால் தோன்றியது. பிரான்சின் லியோன் நகரில், பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண், பட்டாலைத் தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, நாள்தோறும் ஒரு செபமும் வாரம் ஒரு காசும் கேட்டார். 1822இல் அது முறையான சங்கமானபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. 2022 மே 22 அன்று அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். பின்னர் 1843இல் நான்சி ஆயர் போர்பன் ஜான்சன் தொடங்கிய பாலர் சபையும், பிள்ளைகளிடம் நாள்தோறும் ஒரு மங்கள வார்த்தை செபத்தையும் மாதந்தோறும் ஒரு சிறு காசையும் மட்டுமே கேட்டது. பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம்.

பெற்றோரிடம் வாங்கி உறையில் போடும் நூறு ரூபாயில் பிள்ளைக்குப் பங்கு ஏதும் இல்லை. பத்துப் பிள்ளைகள் கொண்ட குழுக்களை அமைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாட்டைக் கொடுத்து, அந்நாட்டுத் திருச்சபையைப் பற்றித் தாங்களே தேடிப் படித்து அன்பியக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். காணிக்கையைத் தங்கள் தின்பண்டக் காசிலிருந்து அவர்களே சேர்க்கட்டும். தொகை குறையும், பங்குத்தந்தையிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.