வால்வு சூடாகும் வரை கேளுங்கள்

வால்வு செட் ரிப்பேர் செய்கிறவன் நான். வீட்டு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்கிறவர்கள் வால்வு (கண்ணாடிக் குழாய்க்குள் இழை சூடாகிச் சிக்னலைப் பெருக்கும் பாகம்) கருவிகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். புதுச்சேரியிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் வந்த கேள்விகள், வந்த வரிசையில். கிடார் ஆம்ப் கேள்விகளுக்கு நான் ஆள் இல்லை.

லாஸ்பேட்டை: அண்ணே, மிக்ஸ் முழுவதையும் வால்வு ப்ரீஆம்ப் வழியாக அனுப்பினால் இதமான ஓசை வருமா?

வரலாம். குழம்பிப் போகவும் செய்யலாம். ப்ரீஆம்ப் என்பது மெல்லிய சிக்னலைப் பெருக்கும் முதல் கட்டம். 12ஏஎக்ஸ்7 மாதிரி ஒரு ட்ரையோடுக்குள் (மூன்று மின்முனை வால்வு) சிக்னலைக் கொஞ்சம் அழுத்தி அனுப்பினால் முக்கியமாக இரண்டாவது ஹார்மோனிக், அதாவது மூல அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு ஓசை, சேரும். பாடகர் ஸட்ஜத்தில் நின்றால் கூடவே மெல்லியதாக மேல் ஸட்ஜம். இன்னும் அழுத்தினால் மூன்றாவதும் தலைகாட்டும். அது மேல்ஸ்தாயிப் பஞ்சமம். ஸாவும் பாவும் தம்புராவில் இருப்பவைதானே, அதனால் தனிக் குரலுக்கு உறுத்தாது. ஆனால் குரல், வயலின், பேஸ், மிருதங்கம் எல்லாவற்றையும் ஒரே வால்வுக்குள் திணித்து அழுத்தினால், அவற்றின் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் புது ஓசைகள் பிறக்கும். அவை எந்த ராகத்திலும் அடங்காது. குரலையோ பேஸையோ தனியாக அனுப்பிப் பாருங்கள், தம்பி.

ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

தேவனாம்பட்டினம்: ரெகார்ட் செய்து முடித்த ட்ராக்கை வால்வு பெட்டிக்கு எப்படி அனுப்புவது?

இன்டர்ஃபேஸின் (கணினியையும் ஆடியோ கருவிகளையும் இணைக்கும் பெட்டி) லைன் அவுட் 3, 4 இலிருந்து வால்வு பெட்டிக்கு. பெட்டியிலிருந்து லைன் இன் 3, 4க்கு. பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து எடுக்காதீர்கள், திரும்பி வருவதை மைக் இன்புட்டில் செருகாதீர்கள். மென்பொருளில் சராசரி அளவு மைனஸ் 18 டெசிபல் (dBFS) பக்கம் இருந்தால் நல்லது. போய் வருவதில் சில மில்லிசெகண்ட் தாமதம் விழும். ரீப்பர் மென்பொருளில் ரியாஇன்சர்ட், லாஜிக் மென்பொருளில் ஐ/ஓ என்ற ப்ளக்இன்கள் (மென்பொருளுக்குள் ஓடும் துணைக் கருவிகள்) அதைச் சரிக்கட்டும். அப்புறம் அதை ஓடவிட்டு அப்படியே புது ட்ராக்காகப் பதிந்துவிடுங்கள். குமிழ்கள் நின்ற இடத்தை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் யாராவது வந்து குமிழைத் திருகியிருப்பார்கள்.

ரெட்டியார்பாளையம்: 15,000 ரூபாய்க்குள் நல்ல வால்வு ப்ரீஆம்ப் எது?

பெயர் சொல்ல மாட்டேன், பார்க்கவேண்டியதைச் சொல்கிறேன். 12ஏஎக்ஸ்7 ஒழுங்காக வேலை செய்ய அதன் ப்ளேட்டுக்கு (நேர்மின்முனை) 200, 250 வோல்ட் வேண்டும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் 50 வோல்ட்கூடக் கிடைக்காது. சத்தத்தைக் கூட்டும் வேலையை ஐசி சிப் பார்த்துக்கொள்ளும், வால்வு கரகரப்புக்கு மட்டும். சிலவற்றில் வால்வுக்குப் பின்னால் ஆரஞ்சு எல்ஈடி வைத்திருப்பார்கள். ஸ்விட்ச் போட்ட நொடியே பளிச்சென்று எரிந்தால் அதுதான். நிஜ இழை சூடேறச் சில விநாடிகள் ஆகும். அப்படிப்பட்ட பெட்டி வீண் என்று சொல்லவில்லை. டிரம்ஸைக் கொஞ்சம் கெடுக்க நன்றாகவே உதவும்.

முதலியார்பேட்டை: பிரான்சில் இருக்கும் மாமா ஒரு வால்வு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) கொண்டு வருகிறார். இங்கே ஓடுமா சார்?

அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வருவதுதான் வம்பு: 120 வோல்ட்டுக்கு இறக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த உள் ட்ரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும்.

மஞ்சக்குப்பம்: ஹம் (‘ம்ம்’ என்ற கரண்ட் இரைச்சல்) வருகிறது. எர்த் பின்னைக் கழற்றினால் நின்றுவிடுகிறது, அப்படியே விடலாமா?

உடனே திரும்ப மாட்டுங்கள். உள்ளே 250 வோல்ட் டிசி ஓடுகிற இரும்புப் பெட்டி அது. ஏதாவது கசிந்தால், எர்த் இல்லாத இடத்தில் உங்கள் கைதான் வழி. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகுங்கள். அதிலும் போகாவிட்டால் ஆடியோ லைனில் 1:1 ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இன்னொன்று, கரண்டைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அந்த வோல்டேஜ் நிற்கும். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

பண்ருட்டி: ஐயா, 1950களின் பாட்டுகளில் உள்ள இனிமைக்கு வால்வுதானே காரணம்?

அன்றைக்கு வால்வை விட்டால் வேறு கிடையாது. நன்றாக வந்த பதிவும் வால்வில்தான், நாராசமாக வந்ததும் வால்வில்தான். அந்தக் கால இன்ஜினியர்கள் டிஸ்டார்ஷனைத் தேடிப் போகவில்லை, ஒழிக்கத்தான் மல்லுக்கட்டினார்கள். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில், சில மைக்குகள் முன்னால், ஒரே மூச்சில். அதைப் படச்சுருளின் ஒளித்தடத்தில் ஏற்றும்போது உச்ச ஓசைகள் தேய்ந்தன. இரைச்சலை மறைக்கத் தியேட்டர்களில் வைத்த அகாடமி கர்வ் இன்னும் கொஞ்சம் வெட்டியது. அந்த மென்மையில் இதற்கெல்லாம் பெரிய பங்கு.

நெல்லிக்குப்பம்: தியேட்டரை விடுங்கள். நாங்கள் வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். அந்த ஓசை வேறு எதில் வருகிறது?

மத்திய அலை ரேடியோ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் விடாது. பின்பக்கம் திறந்த மரப்பெட்டி, காகிதக் கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த ஓசை அது. ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மேலே 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து சரித்து, கீழே 100 ஹெர்ட்ஸில் வெட்டி, மோனோவாக்கிக் கேளுங்கள்.

பண்ருட்டி: செய்து பார்த்தாயிற்று. உயிர் இல்லை.

எதில் செய்தீர்கள்? மெட்ரோனோமுக்குத் தனித்தனியாக வாசித்து, சுருதி திருத்தி ஒட்டிய ட்ராக்கிலா?

நெல்லிக்குப்பம்: வால்வு செட் ரிப்பேர் செய்துகொண்டே வால்வைக் குறை சொல்கிறீர்களே!

எங்கே குறை சொன்னேன்? என் குரல் ட்ராக்குகள் இன்றைக்கும் வால்வு வழியாகத்தான் போகின்றன. அளவைச் சமன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பிறகே வைத்துக்கொண்டேன். நீங்களும் பழைய பாட்டு ஒன்றை அப்படிக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

வில்லியனூர்: ஃபேர்சைல்டு 670 ப்ளக்இன் நிஜக் கருவி மாதிரி இருக்குமா?

1959இல் வந்த கம்ப்ரஸர் கருவி, 20 வால்வுகள். நிஜத்தை வாங்கப் போவதில்லை, அப்புறம் என்ன, ப்ளக்இன்னைப் போடுங்கள். ஒரு விஷயம்: அது புஷ்-புல் சர்க்யூட், வால்வுகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்து வேலை செய்யும். அதில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (இரண்டாவது, நான்காவது...) பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வால்வு என்றாலே மேல் ஸட்ஜம்தான் என்று மேலே நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரியாங்குப்பம்: 10,000க்குள் எது வாங்கலாம்?
திருப்பாதிரிப்புலியூர்: பட்ஜெட் 12,000...
வில்லியனூர்: செகண்ட்ஹேண்டில் எது நல்லது?

மூன்று பேருக்கும் ரெட்டியார்பாளையம் பதில்தான். படிக்காமல் கேட்கிறீர்கள்.

முத்தியால்பேட்டை: 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 12ஏயூ7 போடலாமா?

கால்கள் ஒத்துப்போகும். பெருக்கம் 100 எங்கே, 20 எங்கே? சத்தம் இறங்கும், சர்க்யூட்டைப் பொறுத்து ஓசை நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இறங்கிய சத்தத்தை ஏற்றிச் சமன் செய்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆமாம், மறுபடியும் அதேதான்.

கூடுவெளி: இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

சைன் வேவ் என்றால் ஓட்டலாம். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரே உறுமும், ரெகார்டிங்கிலும் ஏறும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் கரண்ட் போனதும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வரும் முதல் குதிப்பு நல்லதல்ல.

குருசுக்குப்பம்: ஐப்பசி வந்தாலே என் ப்ரீஆம்ப் பொரிகிறது. வால்வு போச்சா?

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறீர்கள். பெரும்பாலும் சாக்கெட்டில் உப்புக் காற்று ஏறி முலாம் கருத்திருக்கும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வால்வு என்றால் ப்ளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, வால்வை நேராக மேலே இழுங்கள். கால்களில் கான்டாக்ட் க்ளீனர் தடவி இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். அப்படியும் பொரிந்தால் வேறு வால்வு போட்டுப் பாருங்கள். பென்சிலால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி மாதிரி டிங் என்று கேட்கிறதா? அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையே ஓசையாக்குகிறது, மாற்றியே ஆகணும். வால்வு பெட்டிக்குள்ளே இருந்தால் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரம் ஓடவிட்டால் ஈரம் அண்டாது.