இசையில் டாக்டர் பட்டம்: அமெரிக்க டிஎம்ஏ விண்ணப்பமும் ஆடிஷனும் – கேள்வி பதில்

பியானோவில் டிஎம்ஏ (டாக்டர் ஆஃப் மியூசிகல் ஆர்ட்ஸ்) முடித்து, அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பிப்ரவரி வந்தால் ஆடிஷன் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டிய ஆள். டிசம்பர் கெடு நெருங்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் குவியும். இந்த முறை எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தையும் படித்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை, பியானோ): அக்கா, டிஎம்ஏ, பிஎச்டி இரண்டும் ஒன்றுதானா? எதற்கு ஆடிஷன் உண்டு?

வாசிப்பு, பாட்டு, கண்டக்டிங் என்றால் டிஎம்ஏ. இசை வரலாறு, இசைக் கோட்பாடு, எத்னோமியூசிகாலஜி (இசையை அதன் சமூகத்தோடும் பண்பாட்டோடும் சேர்த்து ஆராய்வது) என்றால் பிஎச்டி. கம்போசிஷன் மட்டும் ஒரு பள்ளியில் டிஎம்ஏ, இன்னொன்றில் பிஎச்டி. இந்தியானா, ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் இதே படிப்புக்கு 'டாக்டர் ஆஃப் மியூசிக்' என்று பெயர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கல்லூரியில் வாத்தியம் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் டாக்டர் பட்டம் கேட்கிறார்கள், ஆனால் வாசிக்கிறவர்களுக்கென்று அப்படி ஒரு பட்டமே இல்லை என்ற நிலை அமெரிக்காவில் இருந்தது. 1924 முதல் 1964 வரை ஈஸ்ட்மன் இசைப் பள்ளியின் இயக்குநராக இருந்த ஹோவர்ட் ஹான்சன் போன்றவர்கள் வாதாடி 1950-களில் கொண்டுவந்ததுதான் டிஎம்ஏ. ஆகவே ஆடிஷன்தான் இதன் வாசல். ஆனால் உள்ளே போன பிறகு எழுத்து வேலை நிறைய உண்டு: மூன்று நான்கு கச்சேரிகள், அதில் ஒன்று பெரும்பாலும் விளக்கவுரையோடு வாசிக்கும் லெக்சர் ரிசைட்டல், பிறகு விரிவான தேர்வு, கடைசியில் ஆய்வேடு. நன்றாக வாசித்தால் போதும் என்று வருகிறவர்கள் மூன்றாம் ஆண்டில் தவிப்பதைப் பார்க்கிறேன்.

கேள்வி (மதுரை, பியானோ): டிரினிட்டியில் எட்டு கிரேடும் முடித்து எஃப்டிசிஎல் வாங்கியிருக்கிறேன். படித்தது பி.காம். நேரடியாக டிஎம்ஏ சேர முடியுமா மேடம்?

முடியாது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் டிப்ளமாக்களில் எஃப்டிசிஎல் பிரிட்டிஷ் தகுதி அட்டவணையில் 7-ஆம் நிலை, அதற்கு முந்தைய எல்டிசிஎல் 6-ஆம் நிலை. தரத்தில் குறைவே இல்லை. ஆனால் அது ஒரு டிப்ளமா, பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. டிஎம்ஏவுக்குப் பெரும்பாலும் இசையில் முதுகலைப் பட்டம் கேட்பார்கள்.

உங்களுக்கான வழி, முதலில் இரண்டு ஆண்டு மாஸ்டர் ஆஃப் மியூசிக். இளங்கலை வேறு பாடமாக இருந்தாலும் ஆடிஷன் நன்றாக இருந்தால் எடுக்கும் பள்ளிகள் உண்டு. வரலாறு, தியரியில் சில கூடுதல் வகுப்புகளை மட்டும் தலையில் கட்டுவார்கள். மாஸ்டர்ஸுக்கும் உதவித்தொகை கிடைக்கும். எஃப்டிசிஎல்லை விண்ணப்பத்தில் பெரிதாகவே போடுங்கள். அது என்னவென்று தெரிந்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கேள்வி (பெங்களூரு, வயலின்): எந்தப் பள்ளி நல்ல பள்ளி? ஜூலியார்ட், கர்ட்டிஸ், யேல் மூன்றுக்கும் போடலாம் என்றிருக்கிறேன்.

கர்ட்டிஸை அடித்துவிடுங்கள் தம்பி. 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்காத பள்ளி, எல்லாம் சரி. டாக்டர் பட்டம்தான் அங்கே கிடையாது. யேல் இசைப் பள்ளியில் 2005-ல் 10 கோடி டாலர் நன்கொடை வந்ததிலிருந்து யாருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஜூலியார்டும் டிஎம்ஏ மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் தள்ளிவிடுகிறது. அதனாலேயே இரண்டிலும் இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. போடுங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள்.

பள்ளியின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, யாரிடம் படிக்கப் போகிறோம் என்று பாருங்கள். டிஎம்ஏ என்பது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஒரே ஆசிரியரின் அறையில் வாரம் ஒரு மணி நேரம் உட்காருவது. குருகுலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சம்பிரதாயங்கள்தான் வேறு. அவருடைய மாணவர்கள் முடித்துவிட்டு எங்கே வேலை செய்கிறார்கள், அவர் அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறாரா, ஓய்வு பெறப் போகிறாரா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: இந்த ஆண்டு அவருடைய ஸ்டுடியோவில் டாக்டரேட் இடம் காலியாக இருக்கிறதா? பழைய மாணவர் முடித்துப் போனால்தான் புதியவருக்கு இடம். சில ஆண்டுகளில் ஒரு இடம், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் நீங்கள் எவ்வளவு அருமையாக வாசித்தாலும் கடிதம் 'வருந்துகிறோம்' என்றுதான் வரும்.

ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் ஐந்தாறு வரி போதும். நீங்கள் யார், யாரிடம் படித்தீர்கள், அவரிடம் ஏன் படிக்க ஆசை, ஒரு காணொளி இணைப்பு, ஒரு டிரையல் லெசன் கிடைக்குமா. "மேன்மை தங்கிய ஐயா" என்று தொடங்கி இரண்டு பக்கம் போகும் கடிதங்களும், பத்துப் பேராசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய நகல்களும் எனக்கு வருகின்றன. யாரும் முழுதாகப் படிப்பதில்லை. டிரையல் லெசனுக்குச் சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வாங்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (சென்னை, பியானோ): பிரீஸ்கிரீனிங் பதிவை எப்போது, எப்படி எடுப்பது?

ஆடிஷனுக்கு அழைக்கலாமா என்று முடிவு செய்யப் பள்ளிகள் முன்கூட்டியே கேட்கும் காணொளிதான் பிரீஸ்கிரீனிங். அதற்குக் கெடு பெரும்பாலும் டிசம்பர் 1. சென்னையில் இருப்பவர்கள் அதை நம்பி நவம்பரில் பதிவு வைத்தால் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வார்கள். ஈரக் காற்றில் மரமும் கம்பளியும் ஊதும், சாவிகள் அழுத்தினால் மெதுவாகத்தான் எழும், சுதி நிற்காது. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

பதிவு அன்று காலையில் டியூனரை வரவழையுங்கள், முந்தின நாள் அல்ல. ஏசியும் மின்விசிறியும் போட்டால் இரைச்சல், நிறுத்தினால் வியர்வை. ஒரு பகுதி முடிந்ததும் ஏசி போட்டு அறையைக் குளிரவிட்டு, மறுபடி நிறுத்திவிட்டு அடுத்ததை எடுப்பதுதான் நடைமுறையில் நடக்கும் வழி. தெருவில் ஹாரன் குறைவாக இருக்கும் அதிகாலை நல்லது. செல்பேசியின் மைக் சத்தம் கூடினால் தானாகக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் உயிரைக் கொடுத்து வாசித்த ஃபார்டிசிமோ தட்டையாகப் போய்விடும். தனி ஆடியோ ரெக்கார்டர் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

கேமரா உங்கள் வலப்பக்கம், கையும் முகமும் தெரியும்படி, அசையாமல். ஒரு பகுதிக்குள் வெட்டி ஒட்டக் கூடாது. ஒலியை அழகுபடுத்தவும் கூடாது. ஒரு தவறான ஸ்வரம் இருந்தால் இருக்கட்டும். வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அதோடு சரி.

கேள்வி (கோவை, வயலின்): கர்நாடக வயலினும் மேற்கத்திய வயலினும் வாசிப்பேன். ஆடிஷனில் ஒரு ராக ஆலாபனை வாசித்துக் காட்டலாமா?

கேட்டால் ஒழிய வேண்டாம். வயலினுக்கு அவர்கள் எதிர்பார்ப்பது பாக்கின் தனி வயலின் சொனாட்டா அல்லது பார்ட்டிட்டாவிலிருந்து பகுதிகள், ஒரு முக்கியமான கான்செர்ட்டோ, பகனினி காப்ரிஸ் மாதிரி ஒன்று, 20 அல்லது 21-ஆம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று. பியானோ என்றால் பாக்கின் பிரெலூட்-ஃபியூக், ஹைடனோ மொசார்ட்டோ பேத்தோவனோ ஒரு முழு சொனாட்டா, பெரிய ரொமான்டிக் படைப்பு, நவீனப் படைப்பு. பியானோவில் பெரும்பாலும் மனப்பாடமாக. பாட்டுக்காரர்கள் இத்தாலிய, ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் பாடியாக வேண்டும்.

உங்கள் கர்நாடகப் பயிற்சியை வெளிக்காட்டும் இடம் நோக்க அறிக்கையும் நேர்காணலும். டிஎம்ஏ ஆய்வேட்டுக்குத் தலைப்பில்லாமல் எத்தனையோ பேர் திண்டாடுகிறார்கள். மேற்கத்திய வயலின் தென்னிந்தியாவுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து மார்புக்கும் காலுக்கும் நடுவே பிடிக்கும் வாத்தியமாக மாறிய கதையும், அந்தப் பிடி இடக்கையைச் சறுக்கிப் போக விடுவதால் கமகம் எளிதாவதும் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர், பியானோ): ஆடிஷன் அறையில் என்னதான் நடக்கும்?

மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். 20 முதல் 30 நிமிடம். முதல் படைப்பை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், பிறகு அவர்கள் கேட்பார்கள். ஒரு மணி நேர நிரல் தயாராக வைத்திருந்தாலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் கேட்பார்கள். நடுவில் "நன்றி, போதும்" என்பது கெட்ட சகுனம் அல்ல. முதல் பக்கத்திலேயே தெரிந்துகொண்டதைத் திரும்பக் கேட்க நேரம் இல்லை, அவ்வளவுதான். "டெவலப்மென்டிலிருந்து (சொனாட்டாவின் நடுப்பகுதி) தொடங்குங்கள்" என்றும் சொல்வார்கள். அதனால் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கப் பழகுங்கள்.

டாக்டரேட் ஆடிஷனில் வாசிப்புக்குச் சமமாக நான் கவனிப்பது அடுத்து வரும் பேச்சை. வாசித்த சொனாட்டாவின் அமைப்பு பற்றி ஒரு கேள்வி, என்ன எழுத ஆசை என்று ஒரு கேள்வி, 'முதல் நாள் வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவீர்கள்' என்று ஒன்று. நம் பிள்ளைகள் இங்கேதான் சுருங்கிப்போகிறார்கள். "யெஸ் சார், நோ மேடம்" என்று முடித்துவிட்டுத் தலை குனிந்து உட்காருகிறார்கள். மரியாதை புரிகிறது, ஆனால் எதிரே இருப்பவர்கள் வருங்காலத்துச் சக ஆசிரியரைத் தேடுகிறார்கள். பேராசிரியர் சொன்னதற்கு மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், காரணத்தோடு.

கேள்வி (திருச்சி): புடவை கட்டிக்கொண்டு வாசிக்கலாமா?

தாராளமாக. பெடலில் கொசுவம் சிக்காமல் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள்.

கேள்வி (சென்னை): ஆடிஷனுக்காகவே அமெரிக்கா போய்வர வேண்டுமா?

பல பள்ளிகள் வெளிநாட்டவரிடம் பதிவையோ இணைய வழி நேரலையையோ ஏற்கின்றன. சில, குறிப்பாக உதவித்தொகை கொடுக்கும்போது, நேரில் வரச் சொல்லும். விசிட்டர் விசா நேர்காணலுக்குக் காத்திருப்பு நீளலாம் என்பதால், பிரீஸ்கிரீன் முடிவுக்காகக் காத்திராமல் சேர்க்கை அலுவலகத்திடம் இப்போதே கேளுங்கள்.

கேள்வி (சேலம், பியானோ): அப்பா வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். டிஎம்ஏவுக்கு அது தகுமா அக்கா?

தகாது. வீட்டை அடமானம் வைத்து டிஎம்ஏ படிக்காதீர்கள். கல்லூரி வேலைகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பிப்பவர்கள் ஏராளம். பட்டம் வாங்கியதும் கடனை அடைக்கும் சம்பளம் வரும் என்று உங்கள் அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன்.

பணம் வர வேண்டிய வழி கிராஜுவேட் அசிஸ்டென்ட்ஷிப். வாரத்துக்கு 10 முதல் 20 மணி நேரம் வரை பள்ளிக்காக வேலை செய்வீர்கள். எஃப்1 மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் 20 மணிக்கு மேல் கூடாது. பதிலுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கொஞ்சம் மாதப் பணம். பியானோக்காரர்களுக்குப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது, பிற வாத்திய மாணவர்களுக்கான குழுப் பியானோ வகுப்பு, தியரி வகுப்பு என்று வேலைகள் அதிகம். அதனால் பார்த்தவுடன் வாசிக்கும் திறமை நேரடியாகப் பணம்! தினமும் அரை மணி நேரம் பழகுங்கள்.

சேர்க்கைக் கடிதமும் உதவித்தொகைக் கடிதமும் வேறு வேறு. முதலாவது வந்த மகிழ்ச்சியில் ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவதில் பாருங்கள்: தள்ளுபடி முழுமையா, பாதியா? பல்கலைக்கழகக் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் யார் தலையில்? மாதப் பணம் ஒன்பது மாதத்துக்கா, கோடைக்கும் சேர்த்தா? எத்தனை ஆண்டுக்கு உறுதி? பதில் சொல்லப் பொதுவாக ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. இன்னொரு பள்ளி கூடுதலாகத் தருகிறது என்றால் அதைப் பணிவாகச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதால் யாரும் இடத்தைப் பிடுங்க மாட்டார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, நான் கம்பஸில கர்நாடக சங்கீதம் வாய்ப்பாட்டு படிச்சனான். எனக்கு டிஎம்ஏ சரிவருமோ?

தங்கச்சி, டிஎம்ஏ உங்களுக்கு ஏற்றதில்லை. எத்னோமியூசிகாலஜி பிஎச்டி பக்கம் பாருங்கள். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் இதில் நமக்கு நெருக்கமான இடம். மிருதங்கம் டி. ரங்கநாதனும் அவர் தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கே கற்பித்தவர்கள். சங்கீத வித்துவான் எஸ். ராமநாதன் சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியது அங்கேதான். அவர்களிடம் படித்த அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் திருவையாற்று ஆராதனையில் பாடினார்.

இந்தப் படிப்புக்குப் பொதுவாக ஆடிஷன் இல்லை. தீர்மானிப்பது எழுத்து மாதிரி: உங்கள் சொந்த ஆய்வில் எழுதிய 15, 20 பக்கக் கட்டுரை, நல்ல ஆங்கிலத்தில். 'கர்நாடக இசையின் பெருமை' என்று எழுதாதீர்கள். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாதஸ்வர, தவில் கலைஞர்கள் யார், எப்படிக் கற்றார்கள், போர்க் காலத்தில் என்ன ஆனது என்று நாலு பேரிடம் பேசி எழுதினால் அதை வாசிக்க ஆள் உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): வயது 41. தாமதமா?

வயது வரம்பு இல்லை. குடும்பத்தை ஒன்பது மாத மாதப் பணத்தில் நடத்த முடியுமா என்பதுதான் கணக்கு.

கேள்வி (ஹைதராபாத்): சேர்ந்த பிறகும் தேர்வு வைப்பார்களாமே?

ஆமாம், பெரும்பாலான இடங்களில் முதல் வாரத்திலேயே தியரியும் வரலாறும். நாலு குரல் ஹார்மனி, ஃபிகர்ட் பேஸ், வடிவப் பகுப்பாய்வு, பெயர் மறைத்த ஸ்கோரைப் பார்த்துக் காலமும் பாணியும் சொல்வது. தேறாவிட்டால் ரிவ்யூ வகுப்பு, அது பட்டக் கணக்கில் சேராது. எட்டாம் கிரேடு தியரி மட்டும் போதாது. சேருவதற்கு முந்தைய கோடையை இதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி (சென்னை, பாட்டு): போன வருடம் காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். அப்போது என்ன செய்ய வேண்டும்?

இடம் இன்னும் வேண்டும் என்று ஆசிரியருக்கும் சேர்க்கை அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஏப்ரல் 15-க்கு முன்பும் பின்பும் பலர் இடத்தை விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போவார்கள். அந்த ஓரிரு வாரத்தில்தான் பட்டியல் நகரும். அவர்கள் பகல் என்றால் நமக்கு இரவு, அதனால் மின்னஞ்சலைத் தூங்கும் முன்பும் எழுந்ததும் பாருங்கள், சில சமயம் 48 மணி நேரம்தான் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் காலாவதி ஆகாமலும், மாணவர் விசாவுக்காகப் பள்ளி கொடுக்கும் ஐ-20 படிவத்துக்குக் காட்ட வேண்டிய வங்கிக் காகிதங்கள் கையிலும் இருக்கட்டும்.