ஜைசல்மேரில் ஒட்டகச் சவாரியை விட்டுவிட்டுப் பழைய நகரத்தையும் அதன் கட்டடங்களையும் மட்டும் பார்க்க இரண்டு நாள் போதுமா? எங்கே தொடங்கலாம்?

தாராளமாகப் போதும். ஆனால் எல்லோரையும் போல நேராகக் கோட்டைக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதல் நாளைக் கோட்டைக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருக்கும் வணிகர் தெருக்களுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் ஆலோசனை. ராவல் ஜைசல் 1156இல் நிறுவிய இந்த நகரத்தின் செல்வம் பாலைவனத்தைக் கடந்து சென்ற ஒட்டக வணிகத்திலிருந்து வந்தது. அந்தச் செல்வம் எப்படிக் கல்லாக மாறியது என்பதைக் கோட்டையைக் காட்டிலும் ஹவேலி எனப்படும் பெருவீடுகள்தான் நன்றாகக் காட்டுகின்றன.

அவற்றுள் பட்வா ஹவேலி ஒரே வீடன்று. குமன் சந்த் பட்வா என்ற வணிகர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய, அடுத்தடுத்து நிற்கும் 5 வீடுகளின் தொகுதி அது. எல்லா வழிகாட்டிகளும் உள்ளே இருக்கும் கண்ணாடி வேலைப்பாட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் சற்று நேரம் தெருவிலேயே நின்று மேலே பாருங்கள். மாடிகள்தோறும் ஜரோக்கா எனப்படும் தொங்கு மாடங்கள் தெருவின் மேல் நீண்டு நிற்பதால், உச்சி வெயிலிலும் நடப்பவர் தலைமேல் நிழல் விழுகிறது. மாடங்களில் பொருத்தப்பட்டிருக்கும் துளையிட்ட கல் சாளரங்கள் வெளிச்சத்தைக் குறைத்துக் காற்றை மட்டும் உள்ளே அனுப்புகின்றன. உள்ளிருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவருக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். தடித்த சுவரும் நடுமுற்றமும் இவற்றோடு சேரும்போதுதான் கோடையில் அந்த வீடுகளில் குடியிருக்க முடிகிறது. அலங்காரம் என்று நாம் நினைப்பதில் பாதி வெயிலுக்குச் செய்த ஏற்பாடுதான்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கிடைக்கும் மஞ்சள் மணற்கல் செதுக்குவதற்கு ஏற்றது. துண்டுகளைத் தனித்தனியே செதுக்கி, தச்சர் மரத்தை இணைப்பது போல நாக்கும் காடியுமாகப் பொருத்தியும் இரும்புப் பற்றுகளால் பிணைத்தும் சாந்து அதிகம் இல்லாமலேயே பல சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள். மாடத்தின் அடிப்பக்கத்தை அருகில் போய்ப் பார்த்தால், இணைப்புக் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

என் விருப்பம் நத்மல் ஹவேலிதான். 1885இல் திவானாக இருந்த நத்மலுக்காகக் கட்டப்பட்ட இந்த வீட்டை ஹாத்தி, லாலு என்ற இரு சகோதரச் சிற்பிகள் இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவருமாகச் செதுக்கினார்கள் என்பது ஊரார் கூற்று. பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரு சாளரத்தை எதிர்ச் சாளரத்தோடு ஒப்பிட்டால் எதுவும் ஒத்துப்போகாது. பூக்களுக்கும் யானைகளுக்கும் இடையில் ஒரு ரயில் எஞ்சினும் இருக்கிறது. ஜைசல்மேருக்கு ரயில் பாதை வந்ததோ பல காலம் கழித்துத்தான். மயில் வடிவத் தாங்கிகளுக்குப் பெயர்பெற்ற சலீம் சிங் ஹவேலியை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பேன்.

இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் கோட்டைக்குச் செல்லுங்கள். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என நான்கு வாயில்களை (‘போல்’ என்றால் அங்கே வாயில்) வரிசையாகக் கடந்தால் அரண்மனை முற்றம் வரும். பாதை வளைந்து வளைந்து ஏறுவது பகைவரின் வேகத்தைத் தடுப்பதற்காக. 99 கொத்தளங்கள் கொண்ட இந்தக் கோட்டை 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. திருமணம் நடந்த வீட்டின் வெளிச்சுவரில் பிள்ளையார் படத்தை வரைந்து, மணமக்களின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. தெருவில் நடந்தபடியே எந்த வீட்டில் எப்போது கல்யாணம் நடந்தது என்று வாசித்துக்கொண்டு போகலாம். சமணக் கோயில்களை முற்பகலிலேயே பார்த்துவிடுங்கள்; தோல் பொருள்களை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள்.

தங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் விடுதிகளைத் தவிர்த்து வெளியே தங்குங்கள். மழை மிகக் குறைவாகப் பெய்யும் ஊரில், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வாழ்ந்த காலத்தில் கட்டப்பட்ட கோட்டை இது. குழாய்த் தண்ணீரும் விடுதிக் குளியலறைகளும் வந்தபின், பழைய வடிகால்களால் தாங்க முடியாத நீர் மலையின் அடியிலுள்ள களிமண் படிவங்களில் இறங்கி அதை இளக்கியது. 1990களில் சில கொத்தளங்கள் சரிந்தே விழுந்தன. சீரமைப்புப் பணி நடந்திருக்கிறது என்றாலும், நம் பங்குக்கு ஒரு குளியலறையையாவது குறைக்கலாம் அல்லவா? கோட்டைக் காட்சிதான் வேண்டும் என்றால், எதிரே இருக்கும் விடுதிகளின் மொட்டைமாடியிலிருந்து இன்னும் நன்றாகவே தெரியும்.

மாலையில் நேரம் மிஞ்சினால், குழாய்க்கு முந்தைய காலத்தில் ஊருக்கே தண்ணீர் தந்த கடீசர் ஏரிக்குப் போய் வரலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி ஆடை எடுத்துச் செல்லுங்கள். ஜோத்பூர் வரை வந்துவிட்டால் அங்கிருந்து ரயிலும் பேருந்தும் கிடைக்கும்.